ஊருக்குப் போகணும்

மீனாச்சிக்குத் தமிழ் தெரியாது என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் ஒருவரும் நம்புவதில்லை. பேர் மீனாச்சி. நிறம் புளியங்கொட்டை. இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னலைச் சுருட்டித் தாதித் தொப்பிக்குள் அடக்க அவளுக்கு எட்டு ஊசி வேண்டும். வீடு காஜா பெராங்கில், மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில். இவ்வளவும் இருந்தும் அவளுக்குத் தமிழ் வராது. அவள் செட்டிக் குடும்பத்துப் பெண். மலாக்காவில் சுல்தான் இருந்த காலத்திலேயே கப்பலில் வந்து, இங்கத்துப் பெண்களைக் கட்டி, இங்கேயே தங்கிவிட்ட வியாபாரிகளின் வம்சம். சாமிக்குத் தேங்காய் உடைப்பார்கள், நெற்றி நிறையத் திருநீறு பூசுவார்கள். வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். அந்த வீட்டுப் பேச்சையெல்லாம் இங்கே நான் தமிழில் சொல்கிறேன், அவ்வளவே.

நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம், கிடைத்துப் பத்து மாதம் ஆகியிருந்தது. மீனாச்சி மூன்றாம் வருஷப் பயிற்சித் தாதி. அந்த மாதம் அவளுக்குக் காசநோய் வார்டு. காலை ஐந்தரைக்கெல்லாம் வேலை தொடங்கிவிடும். எச்சில் கிண்ணங்களை மாற்றி, மேல் துடைத்துவிட்டு, காய்ச்சல் பார்த்து எழுதி, கட்டில் விரிப்புகளைச் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகி முடிப்பதற்குள் முதுகு விட்டுப்போகும். ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் சுமத்ராப் பக்கமிருந்து வந்த காற்றுமழை வராந்தா முழுக்க நனைத்துவிட்டுப் போயிருந்ததால், ஓரத்துக் கட்டில்களை உள்ளே இழுத்துப் போடும் வேலையும் சேர்ந்துகொண்டது.

பன்னிரண்டாம் கட்டிலில் இருந்தவர் அப்பாசாமி. டவுன் சடக்குகளுக்கு, ரோடுகளுக்கு, தார் ஊற்றும் கூட்டத்தில் இருபத்தாறு வருஷம் உழைத்தவர். கூட்டம் முழுக்கத் தமிழர்கள் என்பதால் மலாய் அவருக்கு நாலு சொல்லுக்கு மேல் ஏறவில்லை. ஐந்து மாதத்துக்கு முன் ரத்தமாக இருமிக்கொண்டு பெச்சா வண்டியில் வந்து இறங்கினார். மருந்து கேட்டது. எச்சிலில் இப்போது கிருமி இல்லை. ஆனால் ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப்போய்விட்டது. இனித் தார் வாளி தூக்க முடியாது. அவருடைய அட்டையில் உறவினர் என்ற இடத்தில் 'யாருமில்லை' என்று எழுதியிருந்தது.

பத்து மணிக்குத் தொழிலாளர் இலாகாவிலிருந்து ஒரு துவான், பெரிய அதிகாரி, கையில் பட்டியலோடு வந்தார். உழைக்க முடியாதவர்கள், கவனிக்க ஆளில்லாதவர்கள் விரும்பினால் இலாகா தன் செலவிலேயே இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிவிடும். வார்டு சிஸ்டர் டி கொஸ்தா கட்டில் கட்டிலாக அவரை அழைத்துவந்து பன்னிரண்டில் நின்றார். சுற்றிலும் பார்த்தார். தமிழ் தெரிந்த சந்திரமதி அன்று அறுவைக் கூடத்தில் இருந்தாள்.

"மீனாச்சி, நீ கேட்டுச் சொல். அவருக்குத் திரும்பிப் போக விருப்பமா?"

எனக்குத் தமிழ் வராது சிஸ்டர் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். முதல் வருஷம் ஒருமுறை சொன்னபோது வகுப்பே சிரித்தது. துவான் வேறு பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். மீனாச்சி குனிந்தாள்.

"நீ... ஊர் போக ஆசை?"

தன்னைவிட முப்பது வயது மூத்தவரை நீ என்று கேட்கிறோம் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. அப்பாசாமிக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. முகம் விரிந்தது.

"ஊருக்கா? போகணும் மிஸ்ஸி. இன்னிக்கே அனுப்புனாலும் போயிருவேன். புள்ள தனியாக் கெடக்கு. மாட்டுக்கு யாரு புல்லறுத்துப் போட்டாங்களோ, என்னமோ."

அவளுக்குப் பிடிபட்டது ஊர், போகணும், புள்ள என்ற மூன்று சொற்கள்தான். துறைமுகப் பக்கம் தகரப் பெட்டியோடு நிற்கும் தோட்டத்துத் தமிழர்களை எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் ஊருக்கு என்பார்கள். சின்ன வயதிலிருந்து அவள் கேட்டுவந்த அர்த்தம் அது. ஊர் என்றால் இந்தியா.

"போக விரும்புகிறார் சிஸ்டர். அங்கே அவர் பிள்ளைகள் காத்திருக்கிறார்களாம்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். காத்திருக்கிறார்கள் என்பதை அவளேதான் சேர்த்தாள். அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது.

துவான் எழுதிக்கொண்டார். அப்பாசாமி கட்டைவிரலை மையில் ஒற்றி, காகிதத்தில் அழுத்தி, இரண்டு கையையும் கூப்பினார்.

அன்று மத்தியானம் மூன்று பயிற்சித் தாதிகளும் சாமான் அறையில் உட்கார்ந்து கட்டுத் துணி வெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். மீனாச்சி வெட்ட, ரொக்கையா மடிக்க, அறுவைக் கூடத்திலிருந்து திரும்பியிருந்த சந்திரமதி தகர டிரம்மில் அடுக்கினாள். ரொக்கையா அலோர் காஜாவில் வயல் வேலை செய்கிறவரின் மகள். சந்திரமதி புக்கிட் ரம்பாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். மூன்று பேரும் பேசிக்கொள்வது மலாயில்தான்.

"பன்னெண்டாம் கட்டில்காரர் ஊருக்குப் போறார்" என்றாள் மீனாச்சி.

"போகட்டுமே. கப்பல் செலவும் குடுக்கறாங்க" என்றாள் ரொக்கையா. "வந்தவங்களை எங்கப்பா கேக்கறது ஒண்ணுதான். இருக்கியா, போறியா, சொல்லிடு. ரெண்டு கரையிலயும் காலை வச்சுக்கிட்டு நின்னா உன்னை நான் எதுல சேக்கறதுங்கறார்."

"எங்களை யாராச்சும் கேட்டாத்தானே சொல்றதுக்கு" என்றாள் சந்திரமதி. "எங்கம்மா முப்பது வருஷமா ரப்பர் மரத்துல கோடு போட்டுப் பால் எடுக்குது. இத்தனை நாள் ஒரு ஆள் கேக்கல. இப்ப ஆகஸ்டுக்குள்ள குடியுரிமைக்கு மனுப் போடு, மலாய்ப் பரீட்சை கிடையாதுங்கறாங்க. சரின்னு போனா, எப்ப வந்தே, எந்தக் கப்பல், அத்தாட்சி எங்கே? ஒழுகுற லயத்து வீட்டுல அத்தாட்சியை எங்க வைக்கிறது? வேணும்னா மரத்தைக் கூட்டிட்டு வரச் சொல்லு."

"மரம் சாட்சி சொல்லுமா?" ரொக்கையா சிரித்தாள்.

"சொல்லும். அம்மா போட்ட கோடெல்லாம் இன்னும் அதுலதானே இருக்கு."

"சிரிச்சிட்டேன், கோவிச்சுக்காதே" என்றாள் ரொக்கையா. "ஆனா எங்கப்பாவுக்கும் பயம் இருக்கு. எல்லாருக்கும் பங்கு போட்டா நமக்கு என்ன மிஞ்சும்னு. அதையும் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

மீனாச்சி கத்தரியை நிறுத்தவில்லை. "இதுல நான் பேச ஒண்ணுமில்லை. நாங்க வந்து நானூறு ஐநூறு வருஷம் ஆச்சு. எங்களை யாரும் கேக்க முடியாது."

சந்திரமதி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "துணியைக் கோணலா வெட்டறே பாரு" என்றாள்.

அடுத்து வந்த நாட்களில் அப்பாசாமி மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். ஆயாவிடம் கெஞ்சி வேட்டியைத் துவைத்து வாங்கிக்கொண்டார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரினார். மீனாச்சியைக் கண்டால் போதும், எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

"மிஸ்ஸி நல்லாருக்கணும். என்னைக் கொண்டுபோய் விடற லோரி காஜா பெராங் சடக்கு வழியாத்தானே போகும்?"

காஜா பெராங் என்ற பெயர் அவள் காதில் விழுந்தது. தன் வீடு அங்கேதானா என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, ஆமாம் என்று தலையை ஆட்டிச் சிரித்துவிட்டு நகர்ந்தாள்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்தில் வார்டு வாசலில் சத்தம் கேட்டது. பதினாறு பதினேழு வயதுச் சீனப் பெண் ஒருத்தி, ஆயாவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தாள். கையில் மூன்றடுக்குத் தூக்கு. பாவாடை, தாவணி, நெற்றியில் பொட்டு. வாயிலிருந்து சரளமாகத் தமிழ் கொட்டியது.

"அஞ்சு மாசமா கேட்டுல சோத்தைக் குடுத்துட்டுப் போறேன், உள்ள விட மாட்டேங்குறீங்க. இப்ப கப்பல்ல ஏத்தறேங்குறீங்க. யாரைக் கேட்டு ஏத்தறீங்க? எங்கப்பா எங்க?"

மீனாச்சிக்கு அவளைத் தெரிந்தது. தன் வீட்டுக்குக் காலையில் பால் கொண்டுவருகிறவள். கோயில் தெரு கடைசியில் இருக்கும் மாட்டுக் கொட்டகைக்காரி. சீன முகத்துக்குத் தமிழ்ப் பேச்சா என்று தெருவே வேடிக்கை பார்க்கும்.

"நீ ருக்மணிதானே? பால்?" என்று மலாயில் கேட்டாள்.

"ஆமா அக்கா, அன்னம்மாச்சியோட மகதானே நீங்க!" அவளும் மலாய்க்கு மாறினாள். "அப்பாவை இந்தியாவுக்கு அனுப்பறாங்களாம். ஆயா சொல்லுது."

"உன் அப்பா யார்?"

ருக்மணி பன்னிரண்டாம் கட்டிலைக் காட்டினாள்.

அப்பாசாமியை அவள் கொண்டுவந்து சேர்த்த அன்று, சீன முகத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், வழியில் போன ஒருத்தி தூக்கிவந்து விட்டுப் போகிறாள் என்று நினைத்து, உறவினர் யாருமில்லை என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. ஜப்பான்காரன் காலத்தில், ஒரு சீனக் குடும்பம் மூன்று மாதக் குழந்தையை அப்பாசாமியின் பெண்சாதி மடியில் போட்டுவிட்டுக் கண் காணாமல் போயிருந்தது. அதற்குக் காகிதம் எதுவும் இல்லை. பெண்சாதியும் மலேரியாவில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மீதி இருந்தது அப்பனும் மகளும் இரண்டு மாடும்.

சந்திரமதியை ஓடிப்போய் அழைத்துவந்தாள் மீனாச்சி. சந்திரமதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டாள்.

"அண்ணே, ஊருன்னா எந்த ஊரு சொன்னீங்க?"

"என்னம்மா கேள்வி இது. காஜா பெராங்குதான். நம்ம கொட்டகைக்கு. டிஸ்சார்ஜு பண்றாங்கன்னுல்ல கைநாட்டு வச்சேன்."

"அவங்க இந்தியாவுக்குன்னு எழுதிட்டாங்க."

அப்பாசாமி சிரித்தார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அங்க எனக்கு யாரும்மா இருக்கா? கப்பலைவிட்டு எறங்கி எந்தப் பக்கம் திரும்பறதுன்னே தெரியாதே. இந்த மிஸ்ஸி நல்ல மிஸ்ஸி. அவங்க தெரிஞ்சா செஞ்சிருப்பாங்க."

சந்திரமதி அதை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. ஆனால் நல்ல மிஸ்ஸி என்றது மீனாச்சிக்கே புரிந்தது. அவள் சாமான் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ரொக்கையா பின்னாலேயே வந்தாள்.

"நான் சொன்னது வேற மீனா" என்றாள். "இருக்கியா போறியான்னு கேளுன்னு சொன்னேன். அவரை நாம கேக்கவே இல்லையே. முதல்ல சிஸ்டர்கிட்டப் போ. நானும் வரேன்."

சிஸ்டர் டி கொஸ்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"உனக்குத் தமிழ் தெரியாதென்று ஏன் சொல்லவில்லை?"

"வெட்கமாக இருந்தது சிஸ்டர்."

"பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்றாயே. அது?"

"அவர் சொல்லவில்லை. நானாகச் சொன்னேன். அவர்களெல்லாம் போகத்தான் விரும்புவார்கள் என்று நினைத்தேன்."

சிஸ்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "கட்டிலை அவசரமாகக் காலி பண்ண நினைத்தது நானும்தான்" என்றார். "காகிதம் இலாகாவுக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை துவான் மறுபடி வருவார். நடந்ததை உன் கையால் எழுதிக் கொடு. அது உன் பதிவில் ஏறும், தெரிந்துகொள். அவருக்கு வீடு இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று காஜா பெராங்கில் குடியிருக்கும் ஒரு பிரஜை வந்து கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பெண்ணிடம் காகிதம் இல்லை. அவள் சொல் செல்லாது."

மறுநாள் சாயங்காலம் அனுமதி வாங்கிக்கொண்டு மீனாச்சி வீட்டுக்குப் போனாள். பின்கட்டில் அம்மா அன்னம்மா அம்மியில் மிளகாயும் சுட்ட பெலாச்சான் இறால் கட்டியும் வைத்து அரைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பாராங் மீன் பிண்டாங் குழம்பு கொதித்துப் புளி வாசனை தெருவரைக்கும் வந்தது. அப்பா சின்னப்பா, ரப்பர் கம்பெனியில் கணக்கெழுதும் பெரிய கிராணி, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"எழுதிக் குடுக்கப் போறியா? மூணு வருஷப் படிப்பு. இன்னும் நாலு மாசத்துல பரீட்சை. யாருக்காக?"

"நான் செஞ்ச தப்பு அப்பா."

"சிஸ்டர்கிட்டச் சொல்லிட்டே, போதும். கையெழுத்துக்கெல்லாம் நான் வர மாட்டேன். நாம வேற, அவங்க வேற. இப்பத்தான் இந்த நாட்டுல யார் யார்னு பேர் எழுதிக்கிட்டிருக்காங்க. இந்த நேரத்துல போய் அவங்க பக்கத்துல நின்னா நம்மளையும் அதே வரிசையில நிறுத்திடுவாங்க."

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கோம் அப்பா. தமிழச்சின்னு நினைச்சு சிஸ்டர் என்னைத்தானே கூப்பிட்டாங்க."

அன்னம்மா அம்மியை விட்டு எழுந்து வந்தாள். கையெல்லாம் மிளகாய்.

"அந்தப் பால்காரப் பொண்ணு போன தைமாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்போ என்ன செஞ்சுச்சு தெரியுமா? நீ விடுதியில. இவர் கம்பெனியில. கஞ்சி வச்சு வாயில ஊட்டிட்டுப் போச்சு. அது அப்பன் இந்த அடுப்புக்கு விறகு பொளந்து போட்டிருக்கான். பேர்கூட நான் கேட்டதில்ல." கையைக் கழுவிக்கொண்டாள். "நான் வரேன். பிரஜைன்னா நானும் பிரஜைதானே? இங்கதானே பொறந்தேன்?"

"உனக்குக் கையெழுத்துப் போட வராதே" என்றார் சின்னப்பா.

"அவனுக்கும் வராது. அவன் கைநாட்டை வச்சுத்தானே கப்பலேத்தறாங்க? என் கைநாட்டை வச்சு இறக்கட்டும்."

வியாழக்கிழமை காலையில் அன்னம்மா பெட்டியிலிருந்த நல்ல கெபாயாச் சட்டையைப் போட்டு, முன்பக்கம் மூன்று குரோசாங் ஊசி குத்தி, குடை பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் வந்து நின்றாள். பத்தடி தள்ளி, வேறு வேலையாக வந்தவர் மாதிரி சின்னப்பாவும் நின்றார். கம்பெனிக்கு அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார்.

துவானுக்குத் தலை சுற்றியது. மீனாச்சியின் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு அவர் மலாயில் கேட்க, ருக்மணி தமிழில் கேட்டு, பதிலை மலாயில் சொன்னாள்.

"இந்தியா போகிறாயா?"

"இல்லேங்குறார்."

"யார் உன்னைப் பார்த்துக்கொள்வார்கள்?"

அப்பாசாமி ருக்மணியின் தோளில் கையை வைத்தார். "என் மக" என்றார்.

ருக்மணி அதை மொழிபெயர்க்க வாயெடுத்தாள், வரவில்லை. முகத்தைத் தாவணியில் மூடிக்கொண்டாள். துவான் மீனாச்சியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொன்னார்?"

"எனக்குத் தமிழ் வராது துவான்" என்றாள் மீனாச்சி, எல்லாருக்கும் கேட்கும்படி. "சந்திரமதி சொல்லட்டும்."

சந்திரமதி சொன்னாள். அன்னம்மா கட்டைவிரலை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் மை தொடுவதற்குள் சின்னப்பா குறுக்கே வந்து, சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, முழுப் பெயரையும் விலாசத்தையும் அழகான கிராணிக் கையெழுத்தில் எழுதினார். எழுதிவிட்டு அப்பாசாமியைப் பார்த்து, "உங்கள் அப்பா பெயர் என்ன? இதில் எழுத வேண்டும்" என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார். இருந்தாலும் எழுதினதோடு சரி, அன்னம்மா பக்கம் திரும்பாமல் கம்பெனிக்கு நடந்துவிட்டார். அன்னம்மாவும் விடவில்லை. அவர் பெயருக்குக் கீழே கட்டைவிரலை அழுத்திவிட்டுத்தான் குடையை எடுத்தாள்.

அப்பாசாமியின் பெயர் பட்டியலிலிருந்து எடுபட்டது. மீனாச்சிக்கு ஆறு மாதம் பயிற்சி நீண்டது. அக்டோபரில் ரொக்கையாவும் சந்திரமதியும் பரீட்சை எழுதப் போனபோது, அவர்களுடைய தொப்பிகளுக்கு முந்தின நாளே கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தவள் அவள்தான்.

அதற்கு முன்னால், ஆகஸ்டு முடிய ஒரு வாரம் இருக்கையில், ஒரு விடுமுறை நாளில் மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். அப்பாசாமிக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. கூடவே குடியுரிமை மனுவும் வாங்கி வந்திருந்தாள். கொட்டகைக்குப் பின்னால் ஓலை வேய்ந்த ஓர் அறை. ருக்மணி தேத்தண்ணி கலந்து, கெட்டிப் பாலாக ஊற்றிக் கொடுத்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. மாடு வைக்கோலை இழுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மீனாச்சி ஒவ்வொரு கேள்வியாக மலாயில் படித்தாள். ருக்மணி தமிழில் கேட்டாள். பதில் வந்ததும் மீனாச்சி அதைத் திருப்பித் தமிழில் சொல்லிப் பார்த்து, அவர் சரி என்று தலையசைத்த பிறகே எழுதினாள். நீங்க என்று சொல்ல ருக்மணி அவளுக்குக் கற்றுக் கொடுத்திருந்தாள். பாதிப் பக்கத்துக்கே ஒரு மணி நேரம் ஆயிற்று.

"இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்க உத்தேசமா?"

ருக்மணி கேட்டாள். அப்பாசாமி தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

"இருக்கேன்னு எழுதுங்க" என்றார். மீனாச்சி எழுதினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளை விட்டுவிட்டு நேராக அவளைப் பார்த்தே மெல்லச் சொன்னார்.

"மிஸ்ஸி, எனக்கு அங்க ஒரு அக்கா. இருக்கோ செத்துச்சோ, யார் கண்டா. முப்பது வருஷமாச்சு. ஒரே ஒரு தடவ போயி அது மொகத்தப் பாத்துட்டு, திரும்பி வந்தேன்னா... உள்ள விடுவாங்களா?"

ருக்மணி வாயைத் திறந்தாள். மீனாச்சி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க போக. அக்கா பார்க்க. அப்புறம் திரும்பி வர," என்றாள் ஒவ்வொரு சொல்லாக. "திரும்பி வர... இங்க?"

"இங்கதான் மிஸ்ஸி. வேற எங்க?"

அவள் மனுவை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். அதற்கு இடம் எங்கும் இல்லை. விடுவார்களா மாட்டார்களா என்று அவளுக்கும் தெரியவில்லை.

"தெரியாது" என்றாள். "கேட்டு... சொல்றேன்."

கடைசிப் பக்கத்தில் கைநாட்டுக்கு விட்டிருந்த இடத்துக்குக் கீழே கொஞ்சம் வெள்ளை இருந்தது. அவள் அங்கே பேனாவை வைத்தாள்.

"அதுல எழுதலாமாக்கா?" என்றாள் ருக்மணி.

"எழுதக் கூடாதுதான்" என்று சொல்லிக்கொண்டே மீனாச்சி அவர் கேட்ட கேள்வியை ஒரு சொல் விடாமல் எழுதத் தொடங்கினாள்.